‘மூளை சுருங்கிவிட்டது’ என்றால் என்ன?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளாக மறதி கூடிக்கொண்டே போகிறது. சென்ற மாதம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் செருகி, “மூளை சுருங்கிவிட்டது, அல்சைமர்தான்” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. அறிக்கையில் ‘இரு பக்க ஹிப்போகேம்பஸ் சுருக்கம்’ என்று இருக்கிறது. அண்ணனோ, வயதானால் யாருக்கும் மூளை சுருங்கத்தான் செய்யும் என்கிறார். பத்து நிமிடத்தில் ஒரே கேள்வியை ஆறு முறை கேட்கும் அம்மா, 45 ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நடந்ததை வரி பிசகாமல் சொல்கிறார். தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தால் பழையபடியே தைக்கிறார். மாலையானால், இருபது ஆண்டுகளாக வாழும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு “வீட்டுக்குப் போக வேண்டும்” என்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று தோன்றிச் சில நேரம் கத்திவிடுகிறேன். உள்ளே என்னதான் நடந்திருக்கிறது? முன்பே கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமா? எனக்கும் வருமா? ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டுமென்றே செய்யவில்லை. கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. கத்தியதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. அல்சைமர் நோயாளியைக் கவனித்துக்கொண்டு ஒருமுறைகூடக் கத்தாத மகளையோ மகனையோ நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் அம்மாவின் மூளையில் எந்த இடம் போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ‘ஏன் இப்படிச் செய்கிறார்’ என்ற கோபத்தில் பாதி வடிந்துவிடும். அந்த மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. வயதோடு எல்லா மூளையும் கொஞ்சம் இளைக்கும். ஆனால் எங்கே, எவ்வளவு வேகத்தில் என்பதில்தான் வேறுபாடு. நலமாக இருக்கும் முதியவரின் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் சுருங்குகிறது. அல்சைமரில் அது 4 முதல் 5 சதவீதம். கணித ஆசிரியையின் மகளுக்கு மீதிக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அதோடு, சாதாரண முதுமையில் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. அவற்றின் கிளைகள் குட்டையாகும், இணைப்புகள் குறையும், அவ்வளவுதான். இந்த நோயில் அணுக்களே அழிகின்றன.

உங்களிடம் உள்ள படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தெரிவது மூளை. மேல்பரப்பில் மடிப்புகளுக்கு இடையே ஓடும் கறுப்புக் கோடுகள், நடுவில் இருக்கும் கறுப்புப் பள்ளங்கள் எல்லாம் மூளைத் தண்டுவடத் திரவம். அல்சைமரில் மடிப்புகள் மெலிந்து இடைவெளிகள் அகன்றிருக்கும். நடுவிலுள்ள அறைகள் பெருத்திருக்கும். இதைப் பார்த்து மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் நீர் புதிதாக வந்து எதையும் அழுத்தவில்லை. மூளை விட்டுப்போன இடத்தை அது நிரப்பியிருக்கிறது. இப்போது படத்தின் கீழ்ப்பகுதியில், இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே பாருங்கள். அங்கே சுண்டு விரல் அளவில், வளைந்து கிடப்பதுதான் ஹிப்போகேம்பஸ். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடற்குதிரை என்று பொருள். வெளியே எடுத்து வைத்தால் உருவமும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். அதைச் சுற்றி அகலமாகக் கறுப்பு தெரிந்தால், அதைத்தான் ‘இரு பக்கச் சுருக்கம்’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சின்ன உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பது உலகத்துக்குத் தெரிய வந்தது ஒரு மனிதரின் துயரத்தால். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, தீராத வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எந்த நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன, அறிவு மங்கவில்லை, பேச்சு குறையவில்லை. காலையில் பேசிவிட்டுப் போனவர் மதியம் வந்தால் புதியவர். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதுவரை இப்படி ஒன்றை வரைந்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார்.

உங்கள் அம்மாவின் புதிர்களுக்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் நினைவுகளின் கிடங்கு அல்ல, புதிய நினைவுகளைப் பதிவு செய்கிற எழுத்தர். 45 ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நடந்தது எப்போதோ பதிவாகி, மூளையின் மேலடுக்கான புறணியெங்கும் பரவி வேரூன்றிவிட்டது. பத்து நிமிடம் முன் நீங்கள் சொன்ன பதில் ஏட்டில் ஏறவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி ஆறாவது முறையும் முதல் முறைதான். “இப்போதுதானே சொன்னேன், யோசித்துப் பாருங்கள்” என்று நாம் கேட்பது எழுதாத பக்கத்தைப் படிக்கச் சொல்வது போன்றது. தையல் வேறு கணக்கு. கை பழகிய வேலைகள் மூளையின் அடியாழத்திலுள்ள கணுக்களிலும் சிறுமூளையிலும் தங்குகின்றன. இந்த நோய் அந்தப் பக்கம் அதிகமாகப் போவதில்லை, போனாலும் தாமதமாகத்தான்.

சரி, அந்த எழுத்தரைக் கொன்றது எது?

1901இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பதில்களை வரிக்கு வரி குறித்து வைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்ததும், மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பு கலந்த சாயம் ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. அணுக்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே தடித்த இழைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்த நோயின் அடையாளம் இந்த இரண்டும்தான்.

வெளியே படிவது பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு. நரம்பணுவின் சுவரில் குறுக்கே செருகியதுபோல் நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் கத்தரிபோல் வெட்டும்போது இது விழுகிறது. நம் எல்லோருடைய மூளையிலும் தினமும் நடப்பதுதான் இது. வழக்கமாகத் துணுக்குகள் அகற்றப்பட்டுவிடும். வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துச் சில துணுக்குகளில் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 40 இருக்கும், சிலவற்றில் 42. அந்த இரண்டு கூடுதல் கண்ணிகளால் 42க்குப் பசைத்தன்மை அதிகம். ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கொத்துகளாகி, பிறகு திட்டுகளாக உறைந்துவிடும். ஒரு திட்டு பெரும்பாலும் தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். உறைந்த திட்டைவிட, உறைவதற்கு முன் மிதந்து திரியும் சிறு கொத்துகள்தான் நரம்பணுக்களின் சந்திப்புகளை அதிகம் கெடுக்கின்றன என்று கருதுகிற ஆய்வாளர்கள் பலர். மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோகிளியா அணுக்கள் திட்டுகளைச் சுற்றி மொய்த்து விழுங்கப் பார்க்கும். முடியாமல் போகும்போது அவை கக்கும் வேதிப்பொருள்கள் அக்கம்பக்கத்து அணுக்களையும் புண்படுத்தும்.

உள்ளே நடப்பது இதைவிடக் கொடுமை. நரம்பணுவுக்கு நீண்ட வால் உண்டு. அதற்குள் தண்டவாளம் போட்டதுபோல் நுண்குழல்கள் ஓடுகின்றன. அணுவின் உடலில் தயாராகும் சரக்கெல்லாம் வாலின் நுனிவரை போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். தண்டவாளம் பிரிந்துவிடாமல் குறுக்குக் கட்டைபோலப் பிடித்துக்கொண்டிருப்பது டாவ் என்ற புரதம். அல்சைமரில் டாவ் மீது பாஸ்பேட் துணுக்குகள் அளவுக்கு மீறி ஏறிக்கொள்கின்றன. பிடி தளர்கிறது. கழன்ற டாவ் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, தலைமுடிச் சிக்குபோல அணுவுக்குள் அடைத்துக்கொள்கிறது. சரக்கு போகாததால் முதலில் வால் நுனியிலுள்ள சந்திப்பு பட்டினியில் வாடுகிறது. ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இடம் அதுதான். நோயாளியின் நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு மிக நெருக்கமாக ஒத்துப்போவது இந்தச் சந்திப்புகளின் இழப்புதான். திட்டுகளின் எண்ணிக்கை அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. வால் போன பிறகு அணுவும் சாகும். உடல் கரைந்து போனாலும் சிக்கு மட்டும், அந்த அணு இருந்த இடத்தில், அதன் வடிவத்திலேயே நிற்கும். நுண்ணோக்கியில் முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. எங்கள் துறையில் அதற்குப் ‘பேய்ச் சிக்கு’ என்றே பெயர்.

இந்தச் சிக்குகள் கண்ட இடத்தில் தோன்றுவதில்லை. ஹெய்கோ பிராக், ஏவா பிராக் என்ற ஜெர்மானிய இணையர் எண்ணற்ற மூளைகளை அறுத்துப் பார்த்து, 1991இல் அவற்றின் வழித்தடத்தை ஆறு கட்டங்களாக வகுத்தார்கள். புறணியில் முதலில் விழுவது ஹிப்போகேம்பஸின் வாசலில் இருக்கும் எண்டோரைனல் புறணி. கண்டது, கேட்டது எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் ஹிப்போகேம்பஸுக்குள் நுழைய வேண்டும். மறதி மிக லேசாக இருந்த நிலையில் இறந்தவர்களின் மூளையிலேயே, அந்த வாசலின் இரண்டாம் அடுக்கில் பாதிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் அழிந்திருந்தன. எழுத்தர் சாகும் முன்பே அலுவலகக் கதவு மூடிவிடுகிறது.

அங்கிருந்து நோய், காதுப் பக்கமுள்ள மூளைப் பகுதியான பொட்டுமடலின் வெளிப்பக்கம் நகரும்போது பெயர்களும் சொற்களும் வழுக்குகின்றன. பேனாவைக் காட்டி “அந்த எழுதுகிற…” என்று நிற்பது அப்போதுதான். பின்பக்கமும் உச்சிப்பக்கமும் பரவினால் இடம், திசை, உடுப்பின் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் குழம்பும். “வீட்டுக்குப் போக வேண்டும்” என்பதும் இங்கே சேரும். கண்ணில் படும் அறையை ‘இது என் வீடு’ என்ற அறிவோடு முடிச்சுப் போடும் பகுதி தளர்ந்திருக்கிறது. அவருக்குள் உறுதியாக நிற்கும் வீடு வேறு, பழையது. “இதுதானே உங்கள் வீடு” என்று வாதாடினால் அச்சம்தான் கூடும். “போகலாம் அம்மா, அந்த வீட்டில் யார் யார் இருந்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மாலையில் இது அதிகமாவதற்கும் காரணம் உண்டு: பகல் இரவைக் கணிக்கும் மூளைக் கடிகாரத்திலும் அணுக்கள் குறைகின்றன. நெற்றிப் பக்கம் நோய் எட்டும்போது நிதானமும் கூச்சமும் தளரும். பார்வையை முதன்முதலில் வாங்கும் பகுதியும் கைகால்களை நேரடியாக இயக்கும் பகுதியும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கண் நன்றாகத் தெரிந்தும் ஆளை அடையாளம் தெரியாமல் போகிறது. அந்த நாள் வரும்போது, அவருக்குப் பாசம் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். போனது முகங்களை அறியும் பகுதி.

நீங்கள் கத்தும் விஷயத்துக்கு இங்கே ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துணுக்குகளையும் மகிழ்ச்சியான படத்துணுக்குகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் சோகம் போகவில்லை. காரணம் தெரியாமலே நெஞ்சில் தங்கியிருந்தது. நீங்கள் காலையில் கத்தியது மதியம் அம்மாவுக்கு நினைவிருக்காது. மதியம் அவர் ஏன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

மாத்திரை பற்றி ஒரு சொல். நெற்றியின் பின்னால், மூளையின் அடிப்பாகத்தில் மைனெர்ட் கணு என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருளைப் புறணி முழுவதற்கும் அனுப்புவது அது. அல்சைமரில் இந்தக் கணுவும் பலத்த அடி வாங்குகிறது. டோனெபெசில் போன்ற மாத்திரைகள், மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலைன் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கின்றன. கொஞ்ச காலம் தெளிவு கூடலாம். திட்டுகளையோ சிக்குகளையோ அவை தொடுவதில்லை, செத்த அணுவைப் பிழைக்க வைப்பதும் இல்லை. இதைச் சொல்லாமல் மாத்திரை எழுதுவதால்தான், மூன்று மாதத்தில் “ஒன்றும் குணமாகவில்லையே” என்று குடும்பங்கள் நிறுத்திவிடுகின்றன.

முன்பே கவனித்திருந்தால்? அமிலாய்டு படியத் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மறதி வெளியே தெரிகிறது. உங்கள் அம்மா கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்திய கடைசி ஆண்டுகளிலேயே அது தொடங்கியிருக்கக்கூடும். யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்? இதில் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள், வாழும்போது நினைவுத் தேர்வுகளுக்கும் இறந்தபின் மூளை ஆய்வுக்கும் சம்மதித்தார்கள். அவர்களில் சகோதரி மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மூளையைத் திறந்து பார்த்தால் திட்டுகளும் சிக்குகளும் ஏராளம். படித்து, படிப்பித்து, மூளையை ஓயாமல் உழைக்க வைத்தவர்களுக்கு மாற்றுப் பாதைகள் அதிகம்; ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியாகச் சமாளிப்பார்கள். அதனால் நோய் வெகுகாலம் வெளியே தெரியாது. தெரியும்போது உள்ளே நிறையவே போயிருக்கும். உங்கள் அம்மாவின் கணக்கு மூளை உங்கள் கண்ணிலிருந்து இதை மறைத்திருக்கிறது. அதை உங்கள் அலட்சியமாகக் கருதிக்கொள்ளாதீர்கள்.

அமிலாய்டை அகற்றும் ஊசி மருந்துகளைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். லெகனமாப் 2023இலும் டோனனமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. திட்டுகளை அவை உண்மையாகவே துடைக்கின்றன. ஆனால் லெகனமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவின் வேகம் 27 சதவீதம்தான் குறைந்தது, சரிவு நிற்கவில்லை. அதுவும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம். மூளை வீக்கம், சிறு இரத்தக் கசிவு ஆகிய பக்கவிளைவுகளுக்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும். அம்மாவின் நிலைக்குப் பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்கலாம், தவறில்லை. எனக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

உங்களுக்கு வருமா என்ற கேள்விக்கு: பெற்றோரிடமிருந்து ஒற்றை மரபணு வழியாக நேராக இறங்கும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தாக்கும். உங்கள் அம்மாவுக்கு அறுபதுகளின் இறுதியில்தான் தொடங்கியிருக்கிறது. தாய்க்கு இருப்பதால் உங்கள் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மரபணுச் சோதனைக்கு ஓடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் நடுவயதிலேயே கட்டுக்குள் வையுங்கள். காது மந்தமானால் வெட்கப்படாமல் கருவி வைத்துக்கொள்ளுங்கள். காது கேளாமையும் இந்த நோய்க்கான காரணிகளில் ஒன்று. அம்மாவின் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கவில்லை என்றால் அதையும்.

ஸ்கேனை ஆண்டுதோறும் எடுக்கத் தேவையில்லை. சுருக்கம் கூடியிருக்கிறது என்பதைத் தவிர அது புதிதாக ஒன்றும் சொல்லாது. ஒரே ஒரு சூழ்நிலை விதிவிலக்கு. மேலே சொன்ன வழித்தடத்தைக் கடக்க இந்த நோய்க்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே அம்மா ஒரே நாளில், ஒரு வாரத்துக்குள் திடீரென்று மோசமானால், ஆள் மந்தமாகிப் போனால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், நடை தள்ளாடினால், ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, மலச்சிக்கல்கூடக் காரணமாக இருக்கலாம். சில வாரங்களுக்கு முன் எங்காவது விழுந்திருந்தால் மண்டைக்குள் மெதுவாக இரத்தம் சேர்ந்திருக்கலாம். சுருங்கிய மூளையில் மேற்பரப்பு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்பதால் சின்ன அடிக்கே அவை கிழியும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், பழைய எம்.ஆர்.ஐ. படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.